பொய் சொல்லத் தெரியாத சிஸ்டர்

உப்புக் கரிக்கும் குழம்பை நன்றாக இருக்கிறது என்று சொல்ல சிஸ்டரால் முடியாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போதகர் ஐயா வீட்டில் எங்களுக்கெல்லாம் சாப்பாடு. ஐயாவின் மனைவி விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்று ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார். பரிமாறிவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். சிஸ்டர் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "உப்பு அதிகமாயிருக்கிறது. ஆனாலும் சாப்பிடுவேன்" என்றார். இலைகளின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரும் நிமிரவில்லை. கடைசியில் ஐயாதான் சிரித்தார். "இத்தனை வருஷமா நான் சொல்லப் பயந்ததை சிஸ்டர் சொல்லிட்டாங்க" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. நோயாளிகளுக்கு அவர் துரைசானியம்மா. எங்களுக்கு சிஸ்டர். டென்மார்க்கிலிருந்து மிஷன் ஊழியத்துக்கு வந்த நர்ஸ். சிந்தாமணியில், காவிரிப் பாலத்துக்குப் போகும் வழியில், ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து மிஷன் ஒரு மருத்துவமனை நடத்தியது. வாசலில் 'தோல் வியாதி வைத்தியம்' என்று போர்டு. அங்கே பார்ப்பது குஷ்டம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்த போர்டு இருந்ததால் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் மறைவு இருந்தது. அந்த போர்டையே அவருக்குப் பிடிக்காது. "குஷ்டரோகம் என்று எழுதியிருக்க வேண்டும்" என்பார்.

நான் வையம்பட்டிப் பக்கத்துக்காரி. நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு, ஐம்பதுகளின் நடுவில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அவர் அதற்கு முன்பே வந்து தமிழெல்லாம் படித்திருந்தார். பைபிளை வைத்துப் படித்த தமிழ். பேச்சும் அச்சடித்த மாதிரியே இருக்கும். ஸ்ரீரங்கம் பஸ் வரவில்லை என்றால், "பேருந்து இன்னும் வந்து சேரவில்லை" என்பார். நோயாளிகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு பழகிவிடும்.

ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஏன் இப்படி எதையும் மறைக்காமல் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய அப்பா ஊரில் சின்ன சபை ஒன்றில் பிரசங்கம் செய்கிறவராம். சிறு பெண்ணாக இருந்தபோது விளக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டு, பூனை தள்ளிவிட்டது என்று சொன்னாராம். அப்பா அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதற்கும் முன்னால் எழுந்து நின்று, நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வைத்தார்.

"அதற்குப் பிறகு நான் பொய் சொன்னதில்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் மலர்ச்சி.

அந்தக் குணத்தால் நன்மையும் நடந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர், இரண்டு விரல் மடங்கிய கையோடு வந்தார். "இது நிமிருமாம்மா? போன இடத்திலெல்லாம் நிமிரும்னுதான் சொன்னாங்க" என்றார். சிஸ்டர் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நிமிராது. மற்ற விரல்களைக் காப்பாற்றலாம்" என்றார். மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். "நிமிராதுன்னு சொன்ன வாய் இது. அதனாலதான் காப்பாத்தலாம்னு சொன்னதையும் நம்புறேன்" என்று என்னிடம் சொன்னார். அவருடைய மற்ற விரல்கள் கடைசிவரை நேராக இருந்தன.

ஆனால் வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். காட்டூரிலிருந்து ஒரு தாய், கன்னத்தில் படையோடு இருந்த மகனைக் கூட்டி வந்தாள். "இவனுக்கு யார்கிட்டேர்ந்துங்க வந்திருக்கும்?" என்று கேட்டாள். அவள் காது மடல் அந்த நோயின் அடையாளமாகத் தடித்திருந்ததை நானும் கவனித்திருந்தேன். சிஸ்டர் சொல்லிவிட்டார்: "உங்களிடமிருந்து வந்திருக்கலாம்." அந்தப் பெண் மகன் தோளில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள். போகும்போது அவன் கையைப் பிடிக்காமலே நடந்தாள்.

"இதைச் சொல்லித்தான் ஆகணுமா சிஸ்டர்?" என்றேன்.

"அவர் கேட்டார்" என்றார் சிஸ்டர்.

கேட்டால் சொல்லவேண்டும். அவருக்கு அதில் இரண்டாம் யோசனையே கிடையாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தது அதற்கு அடுத்த வருஷம். வைணவக் குடும்பத்து மருமகள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ரவிக்கைக் கைக்குள் மறையும் இடத்தில், வெளிறிய ஒரு படை. சிஸ்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் அதைத் தொட்டார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் தொடலையே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சிஸ்டர் அதற்குள் பல தடவை தொட்டிருந்தார்.

ஆரம்ப நிலை. மற்றவர்களுக்குத் தொற்றாத வகை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சிஸ்டர் சொன்னார். அவள் வாராவாரம் வந்தாள்.

"ஆத்துல தேமல்னு சொல்லியிருக்கேன். அம்மாமண்டபத்துக்குத் தீர்த்தமாடப் போறேன்னு சொல்லிட்டு பஸ்ஸேறி வந்துடறேன்" என்பாள். வந்தால் கொஞ்ச நேரம் என்னோடு பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு முழுக்க அவளுடைய பெண் குழந்தையைப் பற்றித்தான். "உங்க சிஸ்டர் பேசறது எங்க தெருவுல உபன்யாசம் பண்ற மாமா மாதிரின்னா இருக்கு" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். சிஸ்டருக்கே அதைச் சொன்னேன். அவரும் சிரித்தார். படை சுருங்கிக்கொண்டு வந்தது. பஞ்சு தொடுவது ஓரத்தில் தெரிய ஆரம்பித்திருந்தது.

யார் பார்த்தார்களோ, யார் சொன்னார்களோ. ஒரு முற்பகலில் குதிரை வண்டி வந்து நின்றது. அவள் கணவரும் மாமனாரும் இறங்கினார்கள். கணவர் டவுனில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அமைதியான மனிதர். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாமனார் நின்றபடியே கைகூப்பினார்.

"நமஸ்காரம். எங்காத்து மாட்டுப்பொண் இங்க வர்றதாக் கேள்விப்பட்டோம். என்ன உடம்புக்குன்னு தெரிஞ்சுண்டு போலாம்னு வந்தோம்."

நான் சட்டென்று முந்திக்கொண்டேன். "தேமல் மாதிரிதாங்க ஐயா. லேசானது. மாத்திரை குடுத்திருக்கு, சரியாயிட்டு வருது" என்று சொல்லிக்கொண்டே சிஸ்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"எஸ்தர், விலகி நில்" என்றார் சிஸ்டர். என் பெயரை அவர் அவ்வளவு கடுமையாக அதற்கு முன் சொன்னதில்லை. பிறகு அவர்களைப் பார்த்து, "அது தேமல் அல்ல. குஷ்டரோகம்" என்றார்.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் விளக்கினார். ஆரம்ப நிலை, மற்றவர்களுக்கு வராது, குணமாகும், அவளை வீட்டில் எப்போதும் போல வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஒன்றும் அவர்கள் காதில் ஏறவில்லை. கணவர் தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் குனிந்து பார்த்தார். எழுந்து வேஷ்டியின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். மாமனார் மட்டும், "ரொம்ப உபகாரம்" என்று மறுபடி கைகூப்பினார். வண்டி போய்விட்டது.

நான் சிஸ்டரிடம் திரும்பினேன். "என்ன சிஸ்டர் இப்படிப் பண்ணிட்டீங்க? பேசாமலாவது இருந்திருக்கலாம்ல?"

"அவளுடைய கணவரும் மாமனாரும். அவர்கள் கேட்டார்கள்" என்றார். பிறகு, "இன்று நான் பொய் சொன்னால், நாளைக்கு அவள் குணமாகிவிட்டாள் என்று நான் சொல்லும்போது யார் நம்புவார்கள்?" என்றார்.

இன்றைக்கும் அது தப்பான கேள்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவளை உறையூரில் இருந்த தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையை அனுப்பவில்லை. அவள் தாய்க்கு இவளைத் தவிர வேறு யாரும் கிடையாது, கணவரை இழந்தவர். ஒரு நாள் அந்தப் பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வெயிலில் நின்றாள். சிஸ்டர் வெளியே போனார்.

"நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். நீங்கள் குணமாகிவிடுவீர்கள்."

"குணமாகி எங்க போறது?"

சிஸ்டர் பொட்டலத்தை நீட்டினார். அவள் மாத்திரையை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

அன்று முழுவதும் சிஸ்டர் ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "நான் ஸ்ரீரங்கம் போகிறேன். அவர்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. புரியவைத்தால் அவளை அழைத்துக்கொள்வார்கள்" என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. தனியாக விட மனமில்லாமல் நானும் பஸ் ஏறினேன்.

அந்தத் தெருவில் வெள்ளைக்காரப் பெண்மணி நடந்து வந்ததையே எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சிஸ்டர் தட்டினார். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது; திறக்கவில்லை. மறுபடி தட்டினார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்று அந்த அச்சுத் தமிழில் உரக்கச் சொன்னார்: "உங்கள் மருமகளுக்கு இருக்கும் குஷ்டரோகம் யாரையும் தொற்றாது! அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்!"

தெரு அப்படியே நின்றது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

கதவு பாதி திறந்தது. மாமனார். முகம் வெளுத்துப் போயிருந்தது. மெதுவாகத்தான் பேசினார்.

"அம்மா, நாங்க ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கலே. பிரசவத்துக்குப் பிறந்தாத்துக்குப் போயிருக்கான்னு தெருவுல சொல்லி வெச்சிருந்தோம். உடம்பு சரியானதும் மெதுவா அழைச்சுண்டுடலாம்னு என் பிள்ளை சொல்லிண்டிருந்தான். நானும் சரின்னுட்டேன். இனிமே எப்படி அழைச்சுப்பேன்? நீங்களே சொல்லுங்கோ."

கதவு சாத்திக்கொண்டது. சிஸ்டர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் அவரை நடத்திக் கூட்டி வந்தேன். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது, "அவர்கள் அழைத்துக்கொள்வதாக இருந்தார்கள்" என்று மட்டும் சொன்னார். அதையே திரும்பவும் சொன்னார்.

அந்த வாரமே செய்தி வந்தது. ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடிய சமயம். கல்லணைப் பக்கம் அவள் உடல் கரை ஒதுங்கியிருந்ததாம். உறையூர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் நோயாளி ஒருத்தி வந்து சொன்னாள். சிஸ்டர் அப்போது ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டை முடித்தார். முடிச்சை ஒழுங்காகப் போட்டார். எழுந்து மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் பார்த்த சிஸ்டர் வேறொருவர். காலையில் மருத்துவமனை திறக்குமுன் ஜெபம் நடத்துவது அவர்தான். அதை என்னை நடத்தச் சொல்லிவிட்டார். நான் ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். போதகர் ஐயா ஆறுதல் சொல்ல வந்தார். "நீங்க உண்மையைத்தான் சொன்னீங்கம்மா. ஆண்டவருக்குத் தெரியும்" என்றார்.

"ஆம் ஐயா, அவருக்குத் தெரியும். அதுதான் என் பயம்" என்றார் சிஸ்டர்.

எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. சில வாரம் கழித்து, பஞ்சு சுருட்டிக்கொண்டிருக்கும்போது அவராகவே கேட்டார். "எஸ்தர், அன்றைக்கு நான் யாருக்காக உண்மை சொன்னேன்?"

"அவங்க கேட்டாங்கன்னு சொன்னீங்க சிஸ்டர்."

"இல்லை. எனக்காகச் சொன்னேன். என் கை சுத்தமாயிருக்க வேண்டும் என்று சொன்னேன். கப்பலில் வரும்போது தினமும் இந்த மக்களுக்காக ஜெபித்தேன். இவர்களுக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்கு என்ன குறை என்று ஒருநாளும் கேட்கவில்லை."

அழவில்லை. பஞ்சைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

உறையூருக்குப் போக ஆரம்பித்தார். அந்தத் தாயின் வீட்டுக்கு. முதல் தடவை நானும் போனேன். அந்த அம்மாள் வாசற்படிக்கு வந்து, "நீங்க பொய் சொல்லலே. சரி. போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சிஸ்டர் வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார்.

"அவங்க மன்னிக்கமாட்டாங்க சிஸ்டர். எதுக்குப் போய் நிக்கிறீங்க?"

"மன்னிப்புக்காகப் போகவில்லை. அவர்களுக்குக் கோபித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மருமகன் வீட்டைக் கோபித்துக்கொள்ள முடியாது. குழந்தை அங்கே இருக்கிறது. நான் இருக்கிறேன்."

பல மாதம் அப்படிப் போனது. ஒருநாள் சிஸ்டர் அங்கிருந்து திரும்பி வந்த கோலத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். கண்ணெல்லாம் சிவந்து, புடவைத் தலைப்பு கசங்கிக் கிடந்தது. அந்த அம்மாள் அன்றைக்குத்தான் வாய் திறந்தாராம். "கொன்னுட்டியே, கொன்னுட்டியே" என்று தரையில் அறைந்து அறைந்து அழுதாராம். இவர் தோளைப் பிடித்து உலுக்கினாராம். "நல்லது" என்று மட்டும் சொன்னார் சிஸ்டர். முகம் கழுவிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் அந்த அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாராம். பேச்சு கிடையாது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டு, பொழுது சாயுமுன் இவர் எழுந்து வருவார். அந்த அம்மாள் இறக்கும்வரை அது நடந்தது.

மருத்துவமனையில் யாராவது வந்து இன்னார் இங்கே வருகிறாரா என்று கேட்டால், "அதை அவரிடமே கேளுங்கள்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். பொய்யும் இல்லை, உண்மையும் வெளியே போகாது. அப்படியே காலம் தள்ளிவிடலாம் என்று நானும் நினைத்தேன். தமிழ் வாத்தியார் விஷயம் வரும்வரை.

அவர் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். மனைவி, மூன்று பிள்ளைகள். முதுகில் படை. இதுவும் தொற்றாத வகை. அவருக்கு மாத்திரையை ஒரு காகிதத்தில் மடித்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைக் கோயில் வாசலில் கொடுத்துவிடுவேன். எப்படியோ ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிலர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். போதகர் ஐயாதான் பள்ளிக்கு மேனேஜர். கமிட்டி ஆட்கள் இருவர் அவரை நெருக்கி, கையோடு எங்களிடம் கூட்டி வந்துவிட்டார்கள். ஐயா நாற்காலியில் உட்காரவில்லை. சிஸ்டர் முகத்தையும் பார்க்கவில்லை.

"சிஸ்டர், நம்ம தமிழ் வாத்தியார் உங்ககிட்ட வைத்தியம் பாத்துக்கிறாரா?"

'அவரிடமே கேளுங்கள்' என்றால் ஆமாம் என்று அர்த்தம். அன்று சாயங்காலமே அந்தக் குடும்பம் தெருவில் நிற்கும். அது அவருக்கும் தெரிந்தது. அவர் கை மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"இல்லை" என்றார் சிஸ்டர்.

கமிட்டி ஆள் ஒருவர் விடவில்லை. "வேற எங்கயாவது பாத்துக்கிட்டு இருக்கலாம் இல்லீங்களா?"

"அவருக்கு அந்த நோய் இல்லை. நான் பார்த்திருக்கிறேன்."

அந்த மனிதர் மற்றவரிடம் திரும்பினார். "சிஸ்டரே சொல்லிட்டாங்க. இதுக்கு மேல என்ன இருக்கு? வாங்க போலாம்." அவ்வளவுதான். ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் பத்து கேள்வி வந்திருக்கும். குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னவர் சொன்னதால் பேச்சு அங்கேயே முடிந்தது. வாத்தியார் குணமாகி, பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்தார். இன்று அவரும் இல்லை, ஐயாவும் இல்லை, சிஸ்டரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் போனதும், நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று பக்கத்தில் போனேன். அவர் முந்திக்கொண்டார். "வாத்தியாருடைய மாத்திரையை இனி நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உனக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கட்டும். உன்னைக் கேட்டால் நீயும் பொய் சொல்ல வேண்டிவரும்."

அந்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவோம். சிஸ்டர் எப்போதும் முன் பெஞ்சில் உட்காருகிறவர். அன்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லோரும் எழுந்து போனபோது அவர் எழவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். அடுத்த முறையும் எழவில்லை.

கேட்டேன்.

"பந்திக்குப் போகுமுன் பாவ அறிக்கை சொல்கிறோம் அல்லவா? செய்த பாவத்துக்காக மனம் வருந்துகிறேன் என்று. நான் வருந்தவில்லை, எஸ்தர். நாளைக்குக் கேட்டாலும் அதே பொய்யைச் சொல்வேன். வருந்துகிறேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். அதையும் ஆண்டவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்லுவேன்?"

"அப்ப இது பாவமே இல்லன்னு வெச்சுக்குங்களேன் சிஸ்டர்."

"பாவம்தான்" என்றார். "அந்தப் பெண்ணுக்காகச் செய்திருக்க வேண்டிய பாவம். அப்போது என்னிடம் அவ்வளவு அன்பு இருக்கவில்லை."

வருஷக்கணக்கில் அப்படியே போயிற்று. ஒரு ஞாயிறுகூட ஆராதனைக்கு வராமல் இருக்கவில்லை. பாட்டெல்லாம் பாடுவார். பாவ அறிக்கை வரும்போது மட்டும் வாய் மூடிக்கொள்ளும். சபையில் பேசாத பேச்சில்லை. ஸ்ரீரங்கத்துப் பெண் ஆற்றில் விழுந்ததிலிருந்து மனசு பேதலித்துவிட்டது என்றார்கள். விசுவாசமே போய்விட்டது என்றார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் வாத்தியார் மாட்டிக்கொள்வார்.

அறுபதுகளில் அவருடைய தேசத்து மிஷனிலிருந்து பெரியவர்கள் இருவர் வந்தார்கள். எல்லா ஊழியத்தையும் சுற்றிப் பார்த்தார்கள். ஞாயிறன்று ஒரு மிஷனரி திருவிருந்துக்கு எழாததையும் பார்த்தார்கள். யாரோ பழைய கதையெல்லாம் சொல்லியும் இருப்பார்கள். கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்களாம். நடந்ததை ஐயாதான் எனக்குச் சொன்னார். "காரணம் இருக்கிறது, சொல்ல முடியாது" என்று சொன்னாராம். விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். "முன்பைவிட இருக்கிறது" என்றாராம். அப்படியானால் ஏன் போவதில்லை என்று கேட்டதற்கு மறுபடி, "சொல்ல முடியாது." அவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஓய்வு தேவை என்று முடிவு செய்தார்கள். ஊருக்குத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். திரும்பவும் இங்கே அனுப்பமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கடைசி ஞாயிறு நான் அவர் பக்கத்திலேயே கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் வாங்கி முடித்து, கடைசி வரிசையும் திரும்பிவிட்டது. ஐயா வழக்கமாகப் பாத்திரத்தை மூடிவைப்பார். அன்று மூடவில்லை. அப்பத்தட்டையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பீடத்தை விட்டு இறங்கினார். கோயில் நடுவே நடந்து வந்தார். ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார்.

சிஸ்டர் தலை நிமிர்த்தவில்லை. மெதுவாகச் சொன்னார்: "ஐயா, என்னிடம் ஒரு பாவம் இருக்கிறது. அதற்காக எனக்கு வருத்தம் இல்லை."

"தெரியும்மா. கேட்டவன் நான்தானே" என்றார் ஐயா. அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "நீங்க இல்லைன்னு சொன்னப்பவே தெரியும். அவர் முதுகை நானும் பாத்திருக்கேன். நீங்க சொல்லிட்டீங்க, நான் கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன். நீங்க பந்திக்கு வரல. நான் இத்தனை வருஷமா அங்க நின்னு எல்லாருக்கும் குடுத்துட்டு இருக்கேன்." தட்டை நீட்டினார். "வாங்கிக்குங்கம்மா. என்னால இதத் திருப்பி எடுத்துட்டுப் போக முடியாது."

சிஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டார். குடித்தார். ஐயா பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். சபையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முன் வரிசையில் தமிழ் வாத்தியார் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஜங்ஷனில் மெட்ராஸ் வண்டி. வழியனுப்ப அதிகம் பேர் வரவில்லை. நோயாளிகள் சிலர் ஸ்டேஷனுக்கு வெளியே வேலியோரம் நின்றிருந்தார்கள். பிளாட்பாரத்துக்குள் வந்தால் யாராவது விரட்டுவார்கள் என்று பயம். சிஸ்டர் வெளியே போய் ஒவ்வொருவர் கையையும் பிடித்துவிட்டு வந்தார். வாத்தியார் வரவில்லை. வரவேண்டாம் என்று அவரே சொல்லியனுப்பியிருந்தார்.

வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. எனக்கு ஏதாவது நல்லதாகக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் போல இருந்தது. அவர் இப்படிப் போவதை அப்படியே பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இப்ப மனசுக்கு நிம்மதியா இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

யோசித்தார். நான் கேட்டதற்குச் சரியான பதில் எது என்று உள்ளே தேடிப் பார்ப்பது போல யோசித்தார்.

"இல்லை" என்றார். வண்டி அசைந்தது. கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கே வந்தபோது நிறைய நிம்மதியோடு வந்தேன், எஸ்தர். அது எனக்குத் திரும்ப வேண்டாம்" என்றார்.

பிளாட்பாரம் முடியும்வரை அந்தக் கையோடு நடந்தேன்.